ஒத்துப்போகாத எண்

ஜூன் 30, திங்கள்

மகள் மிருதுவுக்கு நேற்று மூன்றாவது தண்ணீர் ஊற்றிவிட்டோம். அம்மை முழுதாக இறங்கிவிட்டது. மூக்கின் மேல் ஒரு வடு மட்டும் நிற்கும் போலிருக்கிறது. வாசலில் செருகியிருந்த வேப்பிலையை என் வீட்டுக்காரர் கணபதி எடுத்துப் போட்டார். “இனி நீ ஆபீஸ் போ, புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்” என்றார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். கணபதி உள்ளே இருக்கும்போது நான் ஏன் பூட்டினேன் என்று அங்கே போனபிறகுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன். அவர் ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் முதலில் காதில் விழுந்ததே கெட்ட செய்தி. நான் விடுப்பில் இருந்தபோது இசக்கியம்மாள் இறந்துவிட்டாளாம். ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றுகிறவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் மருந்து ஆய்வில் சேர்ந்தவர்களில் இதுதான் முதல் சாவு. ஆய்வின் நர்ஸ் ஜெபராணி அக்காதான் சொன்னார். “அவ புருஷன் சுடலமுத்து வந்தான். சார் ரூமுக்குள்ள போயி ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அழவே இல்லட்டி. அதான் பயமா இருந்துச்சு.”

ஆய்வை நடத்தும் டாக்டர் கோமதிநாயகம் சார் மெலிந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குழந்தையைப் பற்றி விசாரித்தார். பிறகு, “கோப்போட மாசப் பரிசோதனை நாளைக்குத்தானே?” என்றார். இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. துக்கத்திலும் இந்த மனிதருக்கு எவ்வளவு அக்கறை.

விடுப்பில் இருந்தபோது ஜெபராணி அக்காவுக்குப் போனில் என் கடவுச்சொல்லைச் சொல்லியிருந்தேன், நோயாளிகள் வரும் நாட்களை அச்செடுக்க வேண்டும் என்றார். அதை மாற்ற வேண்டும். இன்று மறந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

எண் ஒத்துப்போகவில்லை.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே தப்பான எண்.

ஜூலை 2, புதன்

முகத்தைப் பார்த்தே கணபதி கண்டுபிடித்துவிட்டார். அவர் மின்வாரியத்தில் இருப்பவர். கம்ப்யூட்டர் விஷயம் சொன்னால் கேட்டுக்கொள்வார், ஆனால் நம்பமாட்டார்.

“செக்சம் செக்சம்னு சொல்லுதியே, அது என்னது?”

சொன்னேன். எங்களிடம் ஒரு கோப்பு இருக்கிறது. சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவதைத் தடுக்க ஒரு புது மாத்திரை. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை யாரும் திறக்கக் கூடாது.

“திறக்காம, உள்ள இருக்கது சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?”

“அதுக்குத்தான் செக்சம். ஒரு புரோகிராம் அந்தக் கோப்ப முதல் எழுத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சு, ஒரு நீளமான எண்ணா சுருக்கிக் குடுக்கும். ஆய்வு ஆரம்பிச்ச அன்னைக்கு எடுத்த எண் எங்கிட்டயும் இருக்கு, ஆய்வக் கண்காணிக்கிற சென்னை ஆபீஸ்லயும் இருக்கு. மாசாமாசம் மறுபடி எடுத்துப் பாப்பேன். ஒரே எண் வந்தா உள்ள ஒரு புள்ளிகூட மாறல. ஒரு கமா மாறியிருந்தாலும் எண் மொத்தமும் வேற மாதிரி வரும்.”

“இப்ப வேற மாதிரி வந்திருக்கு.”

“ஆமா.”

“என்ன மாறியிருக்கு?”

“அதச் சொல்லாது. மாறியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.”

“டிஸ்க் பழசாயிருக்கும். எங்க ஆபீஸ்ல தெனமும் ஒண்ணு போகுது” என்றார் கணபதி. நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். காலையில் டிஸ்க்கைப் பரிசோதித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. கோப்பில் இருக்கும் தேதியும் பழைய தேதிதான். யாரோ தேதி மாறாமல் உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

யாருக்கு நல்ல மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்பதில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட ஆய்வு முழுவதும் குப்பை. இத்தனை பேர் இத்தனை வருடம் ரத்தம் கொடுத்தது வீண். அது மட்டுமில்லை. கோப்பின் பொறுப்பு என்னுடையது. கடவுச்சொல்லும் என்னுடையது.

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் தேதிக்குள் சென்னைக்கு மாத அறிக்கை போக வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

சாரிடம் சொன்னேன். வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாவது முறைதான் உள்ளே போக முடிந்தது. “சார், கோப்புல ஏதோ மாறியிருக்கு” என்றேன். அவர் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்தினார். பேனா மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

“மாறியிருக்கா? எப்படி மாறும்?”

“தெரியல சார்.”

“சும்மா ஒருத்தர் பாத்தா மாறாதுல்லா?”

“பாத்தா எப்படி சார் மாறும்? யாரோ உள்ள எதையோ மாத்தியிருக்காங்க.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “சென்னைக்கு இப்ப சொல்லாத. நல்லாப் பாரு” என்றார். என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி என்று தோன்றியது. பாவம், இது அவர் வாழ்நாள் வேலை. அவரிடம் சொல்லாமலே முடித்திருக்கலாமோ என்று இருந்தது.

பிறகு ஜெபராணி அக்கா. இதை எழுதக் கை வரவில்லை. ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நோயாளிகளும் ஆயாவும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். அங்கேயே கேட்டேன்.

“அக்கா, நான் குடுத்த பாஸ்வேர்ட வச்சு அந்தக் கோப்பத் திறந்தீங்களா?”

“எந்தக் கோப்பு?”

“உங்களுக்குத் தெரியாதாக்கும்? உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரு ஆய்வுல இருக்காங்கல்லா. அவங்களுக்காகப் பாத்தீங்களா? பாத்ததோட விட்டீங்களா, மாத்தவும் செஞ்சீங்களா?”

அக்கா கையில் இருந்த ஊசியை டப்பாவில் போட்டார். கையுறையைக் கழற்றினார். “நான் திறக்கல” என்றார். அப்புறம் மறுபடி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கு மேல் அவர் வாதாடாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரப்பினேன். மிருது அம்மை வடுவைக் கண்ணாடியில் பார்த்து அழுதாள். கணபதி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அந்த நேரத்தில் கடவுச்சொல்லை மாற்றினேனா என்று சந்தேகம் வந்தது. செவ்வாயன்றே மாற்றிவிட்டேன். நினைவிருக்கிறது.

வெளியே காற்று பேயாக அடிக்கிறது. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம். எங்களுக்கு இங்கே வெறும் காற்றும் மண்ணும்தான்.

ஆய்வு ஆரம்பித்த அன்று எடுத்த நகல் ஒன்று தனி டிஸ்க்கில் இரும்பு பீரோவில் இருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டையும் திறக்காமலே, எந்த இடத்தில் எந்த எழுத்து வேறு என்று மட்டும் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை? வேறாக இருக்கும் எழுத்து ஒரு நோயாளியின் வரிசையில் இருந்துவிட்டால், அவருக்கு என்ன மாத்திரை என்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான்.

அது மட்டும்தானா என்று தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் அறையைத் தாழிட்டுவிட்டு ஒப்பிட்டேன்.

முதலில் நகலின் செக்சம் எடுத்தேன். ஆரம்ப நாளின் எண்ணோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது. நகல் சுத்தமாக இருக்கிறது. பிறகு இரண்டையும் ஒப்பிடச் சொல்லிவிட்டுத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டேன். விரல் இடுக்கு வழியாக எத்தனை வரி வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். கொஞ்சம்தான். எல்லாம் அடுத்தடுத்த இடங்கள், கோப்பின் தலைப்பகுதியில். நோயாளிகளின் பட்டியல் அங்கே இல்லை, அது வெகு கீழே. மூச்சு வந்தது. கையை எடுத்தேன்.

எழுத்துகள் எழுத்தாக வரவில்லை, குறியீட்டு எண்களாக வந்தன. பழைய கோப்பில் இருந்தவை இடது பக்கம், புதிதில் இருந்தவை வலது பக்கம். ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொன்றாக ஆங்கில எழுத்தாக்கினேன். இடது பக்கம்: எஸ், இ, என், பி, ஏ, ஜி, ஏ, எம். என் பெயர். செண்பகம். அந்தக் கோப்பை முதலில் கணினியில் ஏற்றியவள் நான்தான்.

வலது பக்கத்தில் ஜே வரும், ஜெபராணி என்று வரும் என்று எதிர்பார்த்தேன். ஏற்கெனவே அவர் பெயரை மனத்துக்குள் எழுதிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜி. ஓ. எம். ஏ. டி. ஹெச். ஐ. அதற்குப் பின் ஒரு வெற்றிடம்.

கோமதி.

அந்தப் பெயரில் எங்கள் கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். கோமதிநாயகம் சார் மேசையில் இருப்பது. அதில் எக்செல் போட்டுக் கொடுத்தபோது பெயரை அடித்ததும் நான்தான்.

பிறகு தேடிப் படித்தேன். இந்தப் பழைய வகை எக்செல் கோப்பை யார் திறந்தாலும், எதையும் மாற்றாமல், சேமிக்காமல் மூடினாலும்கூட, திறந்தவர் பெயரை அது தனக்குள் எழுதிக்கொள்ளுமாம். இன்னொருவர் அதே நேரத்தில் திறந்தால் “இவர் வைத்திருக்கிறார்” என்று சொல்வதற்காக. கோப்பின் தேதி மட்டும் மாறாது.

யாரும் எதையும் மாற்றவில்லை. ஒருவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

துண்டுத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“கண்டுபிடிச்சிட்டியாம்மா?”

“உங்க பேரு உள்ள இருக்கு சார்.”

“பேரா? நான் ஒண்ணும் எழுதலியே.”

“நீங்க எழுதல. அதுவே எழுதிக்கிடும்.”

அவர் லேசாகச் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது. “சுடலமுத்து இங்கதான் உக்காந்திருந்தான்” என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். “‘என் பொஞ்சாதிக்கு நீங்க குடுத்தது மருந்தா, வெறும் மாவா? அத மட்டும் சொல்லுங்க, நான் எந்திச்சுப் போயிருதேன்’னான். எனக்குத் தெரியாதுன்னேன். அவன் நம்பல. தெரியாம எப்படி எம் பொண்டாட்டிக்குக் குடுத்தீங்கன்னு கேட்டான். என்ன பதில் சொல்லுவ நீ? அன்னைக்கு ஜெபராணிட்ட பாஸ்வேர்ட் கேட்டு வாங்கினேன். இசக்கியம்மாள் ஒரு வரிய மட்டும் பாக்கணும்னுதான் திறந்தேன். திறந்தா எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது. கண்ண மூடவா முடியும்? எல்லார் பேரும். எல்லார் மாத்திரையும்.”

“சார்...”

“அவளுக்கு வந்தது என்னன்னா—”

“சொல்லாதீங்க சார்!” காதைப் பொத்திக்கொண்டேன். நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன், மிருது இடிக்குப் பொத்துவது போல. அவர் நிறுத்திவிட்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “பட்டியல்ல ஒரு எழுத்தாவது மாறியிருக்கா? நீயே பாத்தேல்லா?”

“மாறல சார்.”

“அப்ப என்ன கெட்டுப்போச்சு? பழைய காப்பி உங்கிட்ட இருக்குல்லா. அத எடுத்து இது மேல போட்டிரு. எண் ஒத்துப்போயிரும். ஆய்வு நிக்கக் கூடாது, செண்பகம். இத்தனை பேரு நம்மள நம்பி வாராங்க.”

அவர் என்னைக் கெஞ்சுகிறார் என்பது எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. இந்த வேலைக்கு என்னை எடுத்தவர். மிருதுவைப் பெற்று நான் கிடந்தபோது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்.

“பாக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இன்று எண் ஒத்துப்போகிறது.

ஜூலை 10, வியாழன்

பழைய நகலை மாறிய கோப்பின் மேல் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செக்சம் ஓட்டினேன். முதல் நாளின் அதே எண். உலகத்தில் யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

சாரின் பெயர் இருக்கும் கோப்பை அழிக்கவில்லை. நகலைப் போடுமுன்பே அதை வேறு பெயரில் ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. அழித்துவிடலாம், எப்போது வேண்டுமானாலும்.

அறிக்கையில் “ஒத்துப்போகிறது” என்று அடித்தேன். அது பொய்யும் இல்லை. இன்றுதான் கடைசி நாள். அனுப்பவில்லை. இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

எண் ஒத்துப்போகாதபோது பயமாக இருந்தது. ஒத்துப்போனபின் அதைவிட மோசமாக இருக்கிறது. மிருது ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்றே தெரியவில்லை, “சரி” என்றேன். அவள் போய் ஐஸ்கிரீமை எடுத்துத் தின்றுவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

ஜெபராணி அக்கா ஒரு வாரமாக என்னிடம் பேசுவதில்லை. ரத்த முடிவுகளைக்கூட ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறார். இன்று மருந்தறையில் தனியாக இருந்தார். போய் நின்றேன்.

“அக்கா, நீங்க திறக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. என்ன மன்னிச்சிருங்க.”

மாத்திரை டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். “யாரு திறந்தான்னும் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கும் தெரியும். நீ கேட்ட அன்னைக்கே தெரியும். பாஸ்வேர்ட நாந்தான் எழுதிக் குடுத்தேன்.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்கிட்ட கேக்கவா செஞ்ச? தீர்ப்புல்லா சொன்ன. ரெண்டு நோயாளிக்கு முன்னால.” இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. “சரி, அத விடு. எங்கிட்ட கேட்ட மாதிரி அவர்ட்ட கேட்டியா? எல்லாருக்கும் முன்னால நின்னு, விரல நீட்டி?”

நான் டப்பாக்களில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தேன்.

“கேட்டிருக்க மாட்ட” என்றார். மறுபடி டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார்.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு என் அறைக்குப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டேன். ஆய்வைக் கண்காணிக்கும் ஹபீப் சாருக்கு. நம்பரைத் தப்பாகப் போட்டு யாரோ ஒரு அம்மாவிடம் பேசினேன். மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். “மாறின ஃபைல் இருக்கா, அழிச்சிட்டீங்களா?”

“இருக்கு சார்.”

அவர் மூச்சு விட்டது இங்கே கேட்டது. “அதை யாரும் தொட வேணாம்மா. நான் கெளம்பி வரேன்.”

சாரிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சரிம்மா” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

ஹபீப் சார் நாள் முழுக்க இருந்தார். இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். என்னிடம் ஒரே கேள்வியைத்தான் இரண்டு விதமாகக் கேட்டார்: ஒன்பதாம் தேதி பழைய நகலை ஏன் போட்டேன்?

“சார் சொன்னாங்க” என்றேன் முதலில். இரண்டாவது தடவை, “பயம்” என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜெபராணி அக்கா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். டீயை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 28, திங்கள்

முடிவு வந்துவிட்டது. உள்ளே ஒரு நோயாளியின் வரிசையும் மாறவில்லை என்பது உறுதியாகிவிட்டதால் ஆய்வு தொடரும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை போகவில்லை. கணபதி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “மிருதுவுக்கு புது பேக் வாங்கணும்னியே, போலாமா?” என்றார்.

கோமதிநாயகம் சார் ஆய்விலிருந்து விலக வேண்டும். யாருக்கு என்ன மாத்திரை என்று அவருக்குத் தெரியும் என்பதால், ஆய்வு முடியும்வரை அந்த நோயாளிகளில் ஒருவரையும் அவர் பார்க்கக் கூடாது, அவர்களோடு பேசக் கூடாது. நல்லபடியாக இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கக் கூடாது. காரணத்தை நோயாளிகளிடம் யாரும் சொல்லக் கூடாது. அவர் இனி இதே மாடியின் மறுகோடியில் பொதுப் பிரிவில் உட்காருவார். புது டாக்டர் அடுத்த வாரம் வருகிறார், ரெஜினா என்று பெயர்.

சுடலைமுத்துவுக்கு ஆய்வு முடிந்தபின் உண்மையைச் சொல்வார்களாம். இன்னும் இரண்டு வருடம்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு இன்று ரத்தம் எடுக்கும் நாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்வு தொடங்குவதற்கு முன்பிருந்தே கோமதிநாயகம் சாரின் நோயாளி. நான் அவரைக் கூட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே சார் வந்தார்.

“சார்! கும்பிடுதேன் சார்! எங்க, உங்கள ஆளையே காணோம்?” அண்ணாச்சி பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினார்.

சார் நின்றார். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது, பழக்கத்தில். பிறகு அது அப்படியே நின்றுபோனது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சுவரில் டெங்கு பற்றிய பழைய சுவரொட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைப் படிப்பது போல நின்றார்.

அண்ணாச்சி கூப்பிய கையை இறக்கவில்லை.

“எம்மா, நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?”

“இல்ல அண்ணாச்சி, அவங்களுக்கு வேல இருக்கும்.”

“வேலயா? வெறும் சொவத்தல்லா பாத்துக்கிட்டு நிக்காரு.” கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “நான் தேறமாட்டேன்னு தெரிஞ்சுதான் மொகத்தத் திருப்பிக்கிடுதாரா? நீ சொல்லு தாயி. நான் தாங்கிக்கிடுவேன்.”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அது உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போதே என் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நேற்று வேறொரு நோயாளி எதிரே வந்தபோதும் சார் இப்படித்தான் திரும்பினாரா? இவ்வளவு வேகமாகவா? அவர் முகம் மலர்ந்து நின்றதே, அதில் இரக்கம் இருந்ததா? இருந்திருந்தால் அண்ணாச்சிக்குக் கிடைப்பது வெறும்—

அதற்கு மேல் நினைக்காமல் இருக்க, தரையில் பதித்த கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்திருந்தது. சுவரொட்டியைத் தாண்டும்போது சாரின் சட்டை என் தோளில் உரசியது. அவர் திரும்பவில்லை. நான் தலை நிமிரவில்லை. அண்ணாச்சி மட்டும் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.